பெற்ற கடன் எங்கே முடிகிறது?

மூன்று வயதுக் குழந்தைக்கு ஊட்டிவிட்டால் அதை வளர்ப்பு என்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று வேளையும் ஊட்டிவிட வேண்டியிருந்தால் அதை என்னவென்று சொல்வது? குளிப்பாட்ட வேண்டும், உடை மாற்றிவிட வேண்டும், படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வலிப்பு வந்தால் எத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்க்க வேண்டும், உணவு செல்லும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். இதே வேலையை வெளியிலிருந்து ஒருவர் வந்து செய்தால் சம்பளம் உண்டு. பெற்றவள் செய்தால் அது கடமைக் கணக்கில் போய்விடும்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் குடும்பத்துக்கு உதவ முன்வரும் எந்த அரசும் இந்த இடத்தில் வந்து நின்றுதான் ஆக வேண்டும். வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் மகள் விஷயத்தில் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. தாய்க்கு உடம்பு நன்றாக இருந்திருந்தால் மகளுக்கு அந்த வேலையே வந்திருக்காது. குழந்தை என்றால் அப்படியில்லை. எல்லாக் குழந்தையையும் யாராவது பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும், அந்தப் பொறுப்பைச் சட்டமே பெற்றோர் தலையில் வைத்திருக்கிறது. அப்படியானால் ஒரு தாயோ தந்தையோ எப்படியும் செய்திருக்க வேண்டியது எவ்வளவு, அதற்கு மேல் செய்வது எவ்வளவு? உலகம் முழுக்க உள்ள உதவித் திட்டங்களை எடுத்துப் பார்த்தால், பெயரும் தொகையும்தான் மாறுகின்றன. உள்ளே ஓடுவது இந்த ஒரே கணக்குதான். எல்லைக்கோட்டை எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு.

இது சின்னக் கூட்டத்தின் பிரச்சினையும் இல்லை. உடலிலோ புலனிலோ அறிவு வளர்ச்சியிலோ குறைபாடுள்ள குழந்தைகள் உலகில் ஏறக்குறைய 24 கோடிப் பேர் என்று 2021-ல் யுனிசெஃப் மதிப்பிட்டது. பத்துக் குழந்தைகளில் ஒருவர். அவர்களில் எல்லோருக்கும் முழுநேரப் பராமரிப்பு தேவைப்படுவதில்லை என்பது உண்மை. தேவைப்படும் வீடுகளில் அதைச் செய்வது பெரும்பாலும் ஒரே ஒருவர், அதுவும் பெரும்பாலும் அம்மா.

கழித்தல் கணக்கு

ஜெர்மனியில் 1995 முதல் நீண்டகாலப் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. சம்பளக்காரர்களும் முதலாளிகளும் சந்தா கட்டுகிறார்கள். பராமரிப்பு தேவைப்படுகிறவரின் வீட்டுக்கே மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, ஐந்து நிலைகளில் ஒன்றைக் கொடுப்பார். பெரியவர்கள் என்றால் அவர்களால் என்ன செய்துகொள்ள முடிகிறது, என்ன முடியவில்லை என்று பார்த்தால் போதும். குழந்தை என்றால் அதே வயதில் குறைபாடில்லாத குழந்தை எதையெல்லாம் தானே செய்யும் என்பதோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கைக்குழந்தைகளிடம் இந்த ஒப்பீடு உடைந்துபோகிறது, ஏனென்றால் ஒரு வயதுக் குழந்தை எதுவுமே தானாகச் செய்யாது. அதனால் 18 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு வழக்கமான கணக்கில் வருவதைவிட ஒரு நிலை கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நடைமுறை தெரிந்த யாரோ எழுதிய விதி என்று தோன்றுகிறது.

பிரிட்டனில் 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான மாற்றுத்திறனாளி வாழ்க்கைப் படியிலும் இதே தர்க்கம்தான். அந்த வயதுக் குழந்தைக்கு வழக்கமாகத் தேவைப்படும் கவனிப்பைவிடக் கணிசமாகக் கூடுதலாக வேண்டியிருக்கிறது என்று காட்ட வேண்டும். பகல் கவனிப்பு தனி, இரவுக் கவனிப்பு தனி. இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கிறதா, நெடுநேரம் கூடவே இருக்க வேண்டியிருக்கிறதா என்று படிவமே கேட்கும்.

சுவீடன் 2019 ஜனவரியில் தன் பழைய படியை எடுத்துவிட்டு இரண்டு தனித்தனி உதவிகளைக் கொண்டுவந்தது. ஒன்று, பெற்றோர் கூடுதலாகச் செய்யும் கவனிப்புக்கு. கால், அரை, முக்கால், முழு என்று நான்கு அளவுகளில் தருகிறார்கள். இன்னொன்று, குறைபாட்டினால் வரும் கூடுதல் செலவுக்கு. இரண்டையும் பிரித்தது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பல நாடுகளில் சக்கர நாற்காலி வாங்கும் பணமும் அம்மாவின் உழைப்புக்கான பணமும் ஒரே பொட்டலத்தில் வருகின்றன. செலவெல்லாம் போக மிச்சம் ஒன்றும் இருக்காது, உழைப்புக்கு யாரும் ஒன்றும் தரவில்லை என்பதும் வெளியே தெரியாது. சுவீடனில் கவனிப்புப் பணத்துக்கு வரி உண்டு, ஓய்வூதியக் கணக்கிலும் அது சேரும். அதாவது சம்பளத்துக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறார்கள். செலவுக்கான பணத்துக்கு வரி கிடையாது.

கழித்தல் கணக்கு நியாயமானதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். பொதுப்பணத்தை ஏதாவது ஒரு அளவுகோல் வைத்துத்தான் கொடுக்க முடியும். ஆனால் அதற்கான படிவத்தைப் பூர்த்தி செய்ய உட்காரும் பெற்றோருக்கு அது என்ன செய்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. வருடம் முழுக்க, இன்று கரண்டியைப் பிடித்தான், இன்று என் பெயரைச் சொன்னாள் என்று சின்னச் சின்ன முன்னேற்றங்களை எண்ணிக்கொண்டு வாழ்கிறவர்கள் அவர்கள். படிவத்தில் அதற்கெல்லாம் இடம் கிடையாது. முடியாதவற்றை மட்டும், அதுவும் மிக மோசமான நாளை மனதில் வைத்து எழுத வேண்டும். நன்றாக இருக்கிறான் என்று வாய் தவறி ஒரு வரி எழுதிவிட்டால் தொகை குறையும். அப்புறம் சில ஆண்டு கழித்து மறுமதிப்பீடு என்று இன்னொரு படிவம் வரும்.

பணம் யாருக்கு?

படிக்கிறவர்கள் அதிகம் குழம்பிக்கொள்ளும் இடம் இது. குழந்தையின் பேரில் வரும் பணம் வேறு, பார்த்துக்கொள்கிறவரின் பேரில் வரும் பணம் வேறு. முதலாவது பெரும்பாலான நாடுகளில் ஏதோ ஒரு வடிவத்தில் உண்டு. ஜப்பானில் மாற்றுத்திறனாளிக் குழந்தையை வளர்க்கும் பெற்றோருக்கான சிறப்புப் படிக்கான சட்டம் 1964-லேயே வந்துவிட்டது. இரண்டாவது, பராமரிக்கிறவரையே ஒரு தனி மனிதராகப் பார்த்து அவர் இழந்த வருமானத்துக்கு ஏதாவது தருவது. இது பிந்தி வந்தது, சில இடங்களில் இன்னும் வரவேயில்லை.

பிரிட்டனில் அது வந்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். மேரி வெப்ஸ்டர் என்ற கிறித்தவப் போதகர் பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக 1954-ல் வேலையை விட்டார். 1963-ல் தன்னைப் போன்ற திருமணமாகாத பெண்களின் நிலையைப் பற்றிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். எங்களுக்கும் அதே கதைதான் என்று கடிதங்கள் குவிந்தன. 1965-ல் அவர் தொடங்கிய அமைப்புதான் அந்த நாட்டுப் பராமரிப்பாளர் இயக்கத்தின் வேர். 1976-ல் அரசு ஒரு படியை அறிமுகப்படுத்தியது. வேடிக்கை என்னவென்றால், திருமணமான பெண்களுக்கு அது கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பதுதான் காரணம். மாற்றுத்திறனாளிக் குழந்தையின் தாய் பெரும்பாலும் திருமணமானவராகவே இருப்பார் என்பதால், யாருக்கு அதிகம் தேவையோ அவர்களே வெளியே நின்றார்கள். பத்து ஆண்டு இந்த விதி இருந்தது. தன் தாயைப் பார்த்துக்கொள்வதற்காக வேலையை விட்ட ஒரு மணமான பெண் தொடுத்த டிரேக் வழக்கில் 1986 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் இது பாலினப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வரப்போகிறது என்று தெரிந்த அரசு, அதற்குச் சற்று முன்பாகவே விதியை மாற்றுவதாக அறிவித்துவிட்டது.

இந்தப் படிக்கு 2003 முதல் பராமரிப்பாளர் படி என்று பெயர். வாரத்துக்குக் குறைந்தது 35 மணி நேரம் பராமரிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த தொகை வாரம் 83.30 பவுண்டு. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 2 பவுண்டு 38 பென்ஸ். அதே மாதம் அந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் குறைபாடு இருந்தாலும் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரே படிதான். இது சம்பளம் இல்லை, வருமானத்தை இழந்ததற்கு ஒரு சிறு ஈடு என்று அதிகாரிகள் சொல்வார்கள். சரி, அப்படியே வைத்துக்கொண்டாலும் இழந்த வருமானத்துக்கும் ஈட்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அதைவிட மோசம் வருமான வரம்பு. 2025 ஏப்ரல் நிலவரப்படி, பகுதிநேர வேலை பார்த்து வாரம் 196 பவுண்டுக்குள் சம்பாதித்தால் படி முழுவதும் கிடைக்கும். ஒரு பவுண்டு கூடிவிட்டால் அந்த வாரத்துப் படி முழுவதும் போய்விடும். கூடுதலாகச் சம்பாதித்ததற்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு போகும் வழக்கம் இதில் இல்லை. மாதத்துக்கு மாதம் சம்பளம் ஏறி இறங்குகிறவர்கள் தங்களுக்கே தெரியாமல் வரம்பைத் தாண்டினார்கள், தகவல் கைக்கு வந்தும் துறை உடனே சொல்லவில்லை, பல ஆண்டு கழித்து ஆயிரக்கணக்கில் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. 2024-ல் இது பெரிய சர்ச்சையாகி, சுயேச்சையான ஆய்வுக்கு உத்தரவிடும் அளவுக்குப் போனது. பராமரிப்போடு கொஞ்சம் வேலையும் பார்க்க நினைத்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொண்டார்கள்.

ஆஸ்திரேலியாவும் பராமரிக்கிறவருக்கே நேரடியாகத் தருகிறது. வேலைக்குப் போக முடியாத அளவுக்குப் பராமரிக்கிறவருக்கு ஓய்வூதியத்தை ஒத்த தொகை, அதைத் தவிர அன்றாடக் கவனிப்புக்கு ஒரு சிறு படி. அங்கே வாரத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல் வேலைக்கோ படிப்புக்கோ போகக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும் வாரமும் பள்ளிக்குப் போகும் வாரமும் ஒன்றாக இருக்காது என்பதை ஒருவழியாக உணர்ந்து, 2025 மார்ச்சில் அதை நான்கு வாரத்துக்கு 100 மணி என்று மாற்றினார்கள். கூட்டிக் கழித்தால் எண் அதேதான். ஆனால் ஒரு வாரம் விட்டதை அடுத்த வாரம் பிடித்துக்கொள்ள முடிகிறது.

ஜெர்மனியில் பணம் குழந்தையின் பேரில் வந்தாலும் பார்த்துக்கொள்கிறவரின் கைக்குப் போய்ச் சேரும் என்பது எழுதாத ஒப்பந்தம். 2025-ல் இரண்டாம் நிலைக்கு மாதம் 347 யூரோ, ஐந்தாம் நிலைக்கு 990 யூரோ. பணம் வேண்டாம், பயிற்சி பெற்ற பராமரிப்பாளரை அனுப்புங்கள் என்று கேட்டால், அதே ஐந்தாம் நிலைக்கு 2,299 யூரோ வரை காப்பீடு கொடுக்கும். அதாவது அதே வேலை அம்மாவின் கையால் நடந்தால் பாதிக்கும் குறைவான விலை. இதை அந்த நாட்டில் யாரும் மறைக்கவில்லை, சட்டத்திலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் இன்னொரு ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டாம் நிலையோ அதற்கு மேலோ உள்ளவரை வாரத்துக்கு 10 மணி நேரமாவது பராமரித்து, வெளிவேலை 30 மணிக்கு மேல் போகாமல் இருந்தால், பராமரிக்கிறவரின் ஓய்வூதியச் சந்தாவைக் காப்பீட்டு நிதியே கட்டிவிடும். இருபது வருடம் பிள்ளைக்காக வீட்டில் இருந்துவிட்டு அறுபது வயதில் வெறுங்கையோடு நிற்பது என்ற நிலையை இது ஓரளவு தடுக்கிறது. கையில் வரும் தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

பெற்றவருக்கே சம்பளமா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற குழந்தைக்கு மூளை அழற்சி வந்து, வென்டிலேட்டர் இல்லாமல் இருக்க முடியாத நிலை. ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டு செலவை ஏற்றது. வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடியும், செலவும் அதில் சின்னப் பங்குதான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்தால் பெற்றோரின் வருமானம் கணக்கில் வந்து உதவி நின்றுவிடும். மூன்று வயதுக் குழந்தை விதி காரணமாக ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் இதைப் பத்திரிகையாளர்களிடம் சொன்னார். விதி தளர்ந்தது, குழந்தை வீட்டுக்கு வந்தது. அடுத்த ஆண்டு, மாநிலங்கள் விரும்பினால் பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமல் இப்படிப்பட்ட குழந்தைகளை வீட்டிலேயே வைத்துப் பராமரிக்க உதவலாம் என்று சட்டத்திலேயே வழி வந்தது. கேட்டி வளர்ந்து, மாற்றுத்திறனாளிகள் உரிமைக்காகப் பேசுகிறவராகி, 2012-ல் இறந்தார்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகத்தான் வழக்கமாகச் சொல்வார்கள். வெற்றிதான். ஆனால் ஆஸ்பத்திரியில் செவிலியர்கள் கூலிக்குச் செய்த வேலையில் பெரும்பகுதி வீட்டில் கூலி இல்லாமல் நடந்ததும் அரசுக்கு மிச்சமானதற்கு ஒரு காரணம். வளர்ந்தவரைப் பராமரிக்கும் உறவினருக்கு மெடிக்கெய்டு வழியாகப் பல மாநிலங்களில் கூலி கிடைக்கிறது. சிறு பிள்ளையின் பெற்றோருக்கு மட்டும் பொதுவாகத் தடை. சட்டப்படி பொறுப்புள்ளவருக்கு அந்தப் பொறுப்புக்காகவே பணம் தர முடியாது என்பது வாதம். விதிவிலக்கு வேண்டுமென்றால், அதே வயதுக் குழந்தைக்கு ஒரு பெற்றோர் சாதாரணமாகச் செய்வதைத் தாண்டிய அசாதாரணப் பராமரிப்பு என்று மாநிலம் காட்ட வேண்டும். மறுபடியும் அதே கழித்தல் கணக்கு. கொரோனா காலத்தில் வெளியாட்கள் வீட்டுக்கு வர முடியாமல் போனபோது பல மாநிலங்கள் பெற்றோருக்கே கூலி கொடுத்தன. நெருக்கடி முடிந்த பிறகு சில மாநிலங்கள் அதைத் தொடர்ந்தன, சில குறைத்தன.

நியூசிலாந்தில் நடந்தது இன்னும் காரசாரமானது. வளர்ந்த மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோருக்கு அங்கே கூலி மறுக்கப்பட்டது. அதே வேலைக்கு அடுத்த தெருக்காரர் வந்தால் கொடுப்பார்கள். குடும்பம் என்பது இயற்கையாக அமைந்த ஆதரவு, அதற்கு விலை வைக்கக்கூடாது என்பது அரசின் நிலை. குடும்பத்தார் என்பதற்காகவே மறுப்பது பாகுபாடு என்று 2012-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2013 மே மாதம், பட்ஜெட்டை ஒட்டி, ஒரே நாளில் அவசரமாக ஒரு சட்டம் நிறைவேறியது. சிலருக்குக் குறைந்தபட்சக் கூலியில் பணம் கொடுக்க அது வழிசெய்தது. கூடவே, இந்தக் கொள்கையைப் பாகுபாடு என்று இனி யாரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாதபடி கதவையும் சாத்தியது. அந்தக் கதவு திறக்க 2020 ஆகிவிட்டது.

வடக்கு ஐரோப்பா இதில் கூச்சப்படவில்லை. சுவீடனில் 1994-ல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, கடுமையான குறைபாடுள்ளவருக்குத் தனி உதவியாளர் பெற உரிமை உண்டு. பெற்றோரே அந்த உதவியாளராக வேலைக்குச் சேரலாம். டென்மார்க்கில் பிள்ளையை வீட்டில் பார்த்துக்கொள்வதற்காக வேலையையோ வேலை நேரத்தையோ விட்ட பெற்றோருக்கு, இழந்த சம்பளத்தை ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு ஈடுசெய்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது. சுவீடன் செய்த வேலைக்குப் பணம் தருகிறது, டென்மார்க் விட்ட வேலைக்குத் தருகிறது. நல்ல சம்பளத்தில் இருந்தவருக்கு டென்மார்க் முறை சாதகம். ஏற்கெனவே வேலையில்லாமல் இருந்த தாய்க்கு அதில் என்ன இருக்கிறது?

பெற்றோருக்குச் சம்பளம் கொடுப்பதை எதிர்ப்பவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பேசுகிறவர்களிலேயே இதைச் சந்தேகத்தோடு பார்ப்பவர்கள் உண்டு. மகனின் குறைபாட்டில்தான் வீட்டு வருமானம் ஓடுகிறது என்றால், அவன் இருபது வயதில் தனியாக வாழ ஆசைப்பட்டால் யார் உதவுவார்கள்? கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்துப் பெண்ணை வீட்டோடு கட்டிப்போட்டுவிட்டு, பள்ளியும் பகல்நேர மையமும் கட்டாமல் அரசு தப்பித்துக்கொள்ளாதா? இந்த இரண்டாவது கேள்வி எனக்கு வலுவாகவே படுகிறது. ஆனால் மையமும் இல்லை, பயிற்சி பெற்ற ஆளும் இல்லை என்ற இடத்தில், கொள்கைக்காகப் பணத்தையும் கொடுக்காமல் இருப்பதில் யாருக்கு என்ன லாபம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஜப்பான் 2021-ல் வேறு திசையில் போனது. சளியை உறிஞ்சி எடுப்பது, குழாய்வழி உணவு, செயற்கைச் சுவாசம் என்று அன்றாடம் மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளுக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்ட குழந்தை பள்ளிக்குப் போனால் அம்மாவும் கூடவே போய்க் காத்திருக்க வேண்டிய நிலை அங்கே பல இடங்களில் இருந்தது. பெற்றோர் கூட வராமலே குழந்தை படிக்கும்படி பள்ளிகளில் செவிலியர் போன்றோரை அமர்த்துவதைச் சட்டம் பொறுப்பாக்கியது. குடும்பத்தார் வேலையை விடும் நிலை வராமல் தடுப்பது நோக்கங்களில் ஒன்று என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு எவ்வளவு கொடுப்பது என்று கேட்காமல், அம்மாவை ஏன் பள்ளி வாசலில் உட்கார வைக்கிறோம் என்று கேட்டதுதான் இதில் புதிது.

ஓய்வும் விடுப்பும்

பணத்துக்கு அடுத்தபடி பெற்றோர் கேட்பது தூக்கம். வேறு யாராவது இரண்டு நாள் பார்த்துக்கொண்டால் போதும் என்பார்கள். பின்லாந்தில் பராமரிக்கிறவர் தன் வட்டார நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார். அதன்படி மாதத்துக்குக் குறைந்தது இரண்டு நாள், இரவு பகலாகக் கட்டுண்டு கிடப்பவருக்கு மூன்று நாள் விடுப்பு. அந்த நாட்களில் பிள்ளையை யார் பார்ப்பது என்பதை ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு. ஜெர்மனியிலும் மாற்று ஆளுக்கான செலவுக்கு ஆண்டுக்கு ஒரு தொகை உண்டு. ஆனால் எல்லா நாட்டிலும் பெற்றோர் சொல்லும் குறை ஒன்றுதான். காகிதத்தில் உரிமை இருக்கிறது, வந்து நிற்க ஆள் இல்லை. வலிப்பு வரும் குழந்தையை, பேசாத குழந்தையை, புதியவரைக் கண்டால் தலையை முட்டிக்கொள்ளும் குழந்தையை நம்பி ஒப்படைக்கும் அளவுக்குப் பயிற்சி பெற்றவர்கள் குறைவு. பயன்படுத்தாத விடுப்பை வைத்து, தேவையே இல்லை போலிருக்கிறது என்று கணக்கெழுதுகிறவர்களும் உண்டு.

வேலையில் இருக்கும் பெற்றோருக்கு விடுப்புச் சட்டங்கள். அமெரிக்காவில் 1993 சட்டப்படி ஆண்டுக்கு 12 வாரம், சம்பளம் இல்லாமல். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு ஒரு வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல். ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் போட்ட விதி ஆண்டுக்கு ஐந்து வேலைநாட்கள். இவற்றையெல்லாம்விட ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அதிகம் உதவியது என்பது என் கணிப்பு. லண்டனில் சட்ட அலுவலகச் செயலராக இருந்த ஒரு தாய், மாற்றுத்திறனாளி மகனுக்காக வேலை நேரத்தில் நெகிழ்வு கேட்டபோது சோம்பேறி என்று ஏசப்பட்டதாகவும், மற்றப் பெற்றோருக்குக் கிடைத்த சலுகை தனக்கு மறுக்கப்பட்டதாகவும் வழக்குப் போட்டார். குறைபாடு அவருக்கு இல்லையே, சட்டம் அவரை எப்படிக் காக்கும் என்பது கேள்வி. குறைபாடுள்ள ஒருவரோடு உள்ள உறவுக்காக ஒருவரைக் கீழ்மைப்படுத்தினாலும் அது பாகுபாடுதான் என்று 2008-ல் கோல்மன் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பராமரிக்கிறவரும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வந்தது அப்போதுதான்.

இந்தியச் சட்டத்தில்

இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி என்பது அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் அரசின் பொருளாதார வசதிக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு என்ற சொற்களும் அதே பிரிவில் இருக்கின்றன. எவ்வளவு, யாருக்கு, எப்போது என்பதை அரசுகளே முடிவுசெய்துகொள்ளலாம்.

இதற்கு முன்பே, 1999-ல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. இதன் கீழ் வரும் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும், வெளிநோயாளிச் சிகிச்சையும் தெரபியும் உட்பட. பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சி தரும் திட்டமும் உண்டு. இவை குழந்தைக்கு உதவும், நல்லதுதான். வீட்டில் உட்கார்ந்த தாயின் சம்பள இழப்புக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

பராமரிக்கிறவருக்கு நேரடியாகக் கிடைப்பவை என்று பார்த்தால் அவை மேல்தட்டில் நிற்கின்றன. வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு, மாற்றுத்திறனாளியைச் சார்ந்தவராகக் கொண்ட குடும்பத்துக்கு 75,000 ரூபாய், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாய் கழிவு தந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இருந்தால்தானே கழிவு? பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்திருக்கவும் வேண்டும். மத்திய அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் பணிக்காலத்தில் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. மற்றக் குழந்தைகளுக்கு 18 வயது வரை என்ற வரம்பு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்குக் கிடையாது. எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்றவில்லை. இமாசலப் பிரதேச அரசுக் கல்லூரி உதவிப் பேராசிரியர் ஒருவர், மரபணு நோயுள்ள மகனைப் பார்த்துக்கொள்ள இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து உச்ச நீதிமன்றம் போனார். பெண்கள் வேலைக்குப் போவது சலுகை விஷயம் இல்லை, அரசியலமைப்பு தந்த உரிமை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் சொல்லி, சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் குழந்தைகளின் தாய்மாருக்காக விடுப்பு விதியை மறுபரிசீலனை செய்யும்படி மாநிலத்துக்கு உத்தரவிட்டது. கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற தாய்க்கு இந்தத் தீர்ப்பில் பங்கில்லை. விடுப்பு என்ற ஒன்றே அவருக்குக் கிடையாது.

இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேச உடன்படிக்கைகளைப் பார்த்தால் வாக்குறுதிக்குக் குறைவில்லை. 1989-ஆம் ஆண்டு குழந்தை உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் கூறு, குறைபாடுள்ள குழந்தைக்கு மட்டுமின்றி அதைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் உதவி வேண்டும் என்கிறது. 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 28-ஆம் கூறு, வறுமையில் உள்ள குடும்பங்களுக்குப் பயிற்சி, ஆலோசனை, பண உதவி, பராமரிக்கிறவருக்கு இடைக்கால ஓய்வு ஆகிய நான்கையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

பதினெட்டு வயதுக்குப் பிறகு

குழந்தை என்று சொல்லிக்கொண்டே வந்தோம். குழந்தை வளர்ந்துவிடும், தேவை குறையாது. தென்னாப்பிரிக்காவில் கடும் குறைபாடுள்ள குழந்தையைப் பராமரிப்பவருக்கு மாதாந்திர மானியம் உண்டு. பிள்ளைக்கு 18 ஆனதும் அது நின்றுவிடும். அதன் பிறகு பெரியவர்களுக்கான மானியத்துக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், பணமும் இனி பிள்ளையின் பேரில்தான். சுவீடனில் பெற்றோருக்கான தொகை, பிள்ளைக்கு 19 ஆகும் ஆண்டின் ஜூன் மாதத்தோடு முடிகிறது. இந்தியாவில் 18 முடிந்ததும் பெற்றோரே சட்டப்படி காப்பாளராக மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டிய நிலை பலருக்கு வருகிறது. முந்தின நாள் வரை பெற்றவர் என்பதே போதுமானதாக இருந்தது. கழித்தல் கணக்கின்படி பார்த்தால் 18-க்குப் பிறகு பெற்றோரின் சட்டக் கடமை தீர்ந்து, செய்வது முழுவதும் கூடுதல் வேலை என்று ஆக வேண்டும், தொகையும் ஏற வேண்டும். நடப்பது பெரும்பாலும் தலைகீழ். பள்ளியும் முடிந்துவிடுவதால் பிள்ளை நாள் முழுக்க வீட்டில்.

இன்னொரு முனையில் பெற்றோருக்கும் வயதாகிறது. முப்பத்தைந்து வயது மகளை அறுபத்தாறு வயதில் தூக்கி உட்கார வைக்கும் தாய்க்கு, பிரிட்டனில் அந்த வயதை ஒட்டி அரசு ஓய்வூதியம் தொடங்கும். ஓய்வூதியமும் பராமரிப்பாளர் படியும் இரண்டுமே வருமானத்துக்கு ஈடாகத் தருபவை, ஒருவருக்கு இரண்டையும் தர முடியாது என்பது விதி. ஓய்வூதியம் படியைவிட அதிகமாக இருந்தால் படி நின்றுவிடும். அப்படி நிற்கும்போது துறை அவரைத் தகுதியற்றவர் என்று சொல்வதில்லை. அதற்கென்றே ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள், அடிப்படைத் தகுதி என்று. வாரம் 35 மணி நேரம் பராமரிக்கிறீர்கள், எல்லா நிபந்தனையும் பொருந்துகிறது, படி பெற உங்களுக்குத் தகுதி உண்டு, பணம் மட்டும் கிடையாது.